மேற்கத்திய நாகரிகம்: எல்லை வகுப்பதில் நேரும் பிழைகள்

மேற்கத்திய நாகரிகத்தைச் சேர்ந்தது எது, சேராதது எது என்று வகுக்க முற்படுவோர் பெரும்பாலும் இன்றைய வரைபடத்தைக் கொண்டே பழங்காலத்தை அளக்கிறார்கள். மற்றப் பிழைகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. ரோமானியப் பேரரசின் நாளில் மத்தியதரைக் கடல் இரண்டு உலகங்களைப் பிரிக்கவில்லை. ஒரே வீட்டின் நடுமுற்றமாக இருந்தது. இன்றைய அல்ஜீரியாவில் கி.பி. 354இல் பிறந்து, அந்நாட்டுக் கடற்கரை நகரான ஹிப்போவின் ஆயராக இருந்து மறைந்த அகஸ்டீனை விலக்கிவிட்டு மேற்கத்திய கிறித்தவச் சிந்தனையின் வரலாற்றை எழுத இயலாது.

கிரேக்கம், ரோம், ஐரோப்பா என்று அறிவு ஒரே நேர்கோட்டில் இறங்கி வந்ததாகக் கருதுவது இன்னொரு பிழை. அரிஸ்டாட்டிலின் நூல்களுள் தர்க்க நூல்கள் சில நீங்கலாக ஏனையவை லத்தீன் மேற்கில் பல நூற்றாண்டுகள் படிக்கப்படாமல் இருந்தன. ஸ்பெயினின் கோர்டோபாவில் 1126இல் பிறந்த இப்னு ருஷ்து அவற்றுக்கு அரபியில் எழுதிய விளக்கங்கள் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, பாரிஸ் பல்கலைக்கழகம் வரை விவாதத்தைக் கிளப்பின. தொல்காப்பிய மரபில் 'உரையாசிரியர்' என்றாலே இளம்பூரணரைக் குறிப்பதுபோல, கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 'உரையாசிரியர்' என்று மட்டும் எழுதினால் அது இப்னு ருஷ்துவையே குறித்தது. அவர் இஸ்லாமியச் சட்ட அறிஞர், நீதிபதியும்கூட. அதனால் அவரை ஒரே மரபுக்கு மட்டும் உரியவராக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. இரண்டு மரபுகளும் அவரைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடலாம் என்பதே என் கருத்து.

இதைச் சொன்னவுடன் சிலர் எதிர்முனைக்குச் சென்று, மேற்கிடம் உள்ளதெல்லாம் அரபு வழிக் கடன் என்று முடிவு கட்டுகிறார்கள். அதுவும் தவறு, 13ஆம் நூற்றாண்டில் மூர்பெக்கின் வில்லியம் அரிஸ்டாட்டிலைக் கிரேக்க மூலத்திலிருந்தே நேராக லத்தீனில் பெயர்த்தார்.

அந்தக் கிரேக்க மொழியைப் பேணிய பைசாந்தியத்தை, அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசை, 'கிழக்கு' என்று ஒதுக்கும் வழக்கம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பண்டைக் கிரேக்கத் தலைவர் பெரிகிளீஸின் ஏதென்ஸை உள்ளே சேர்த்துக்கொள்பவர்கள், அதே மொழியில் வாழ்ந்த பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளை வெளியே நிறுத்துகிறார்கள். ஆனால் 529 முதல் 534 வரை பேரரசர் ஜஸ்டினியன் ரோமானியச் சட்டங்களைத் தொகுப்பித்தது அந்த நகரில்தான்; 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இத்தாலியின் பொலோனாவில் பாடமாக ஓதப்பட்டு, ஐரோப்பியக் கண்டத்தின் உரிமையியல் சட்டங்களுக்கு அடித்தளமானது அந்தத் தொகுப்பே.