ஒரே நிலா, ஆறு முகம்: ஜென்டாங்கிள் வடிவத்தை மாற்றிப் பார்ப்போம்

சின்னச் சின்னக் கோட்டு வடிவங்களைத் திருப்பித் திருப்பிப் போட்டு நிரப்பும் ஓவியம்தான் ஜென்டாங்கிள். அதை வரையத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் புதுப்புது வடிவங்களைத் தேடி ஓடுவார்கள். இருபது வடிவங்களை அரைகுறையாகத் தெரிந்துகொள்வதைவிட ஒன்றையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பது மேல் என்பது என் கட்சி. அமெரிக்காவின் ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் தம்பதி உருவாக்கிய இந்த ஓவிய முறையில், வடிவத்தை மாற்றிப் போடுவதை 'டாங்கிலேஷன்' என்கிறார்கள். 'கிரசன்ட் மூன்' என்ற எளிய வடிவத்தை வைத்து அதைச் செய்து பார்ப்போம்.

தேவையானவை: 0.25 மி.மீ. கோடு விழும் 01 எண் மைக்ரான் பேனா, பென்சில், தடித்த டிராயிங் தாள். ஜெராக்ஸ் தாள் வேண்டாம், மை ஊறிக் கோடு பிசிறடிக்கும். அழிரப்பருக்கும் ஸ்கேலுக்கும் இங்கே வேலையில்லை.

படி 1: பென்சிலால், கைவாக்கில், சுமார் 4 செ.மீ. அளவில் ஆறு கட்டங்கள் போடுங்கள். கொஞ்சம் கோணினால் பரவாயில்லை.

படி 2: முதல் கட்டத்தில் மூல வடிவம். நான்கு விளிம்புகளிலும் உள்பக்கம் பார்த்தபடி சின்னச் சின்ன அரைநிலாக்கள், பக்கத்துக்கு இரண்டு மூன்று, இடைவெளி விட்டு. அவற்றைக் கறுப்பாக்குங்கள். ஒவ்வொரு நிலாவையும் சுற்றி ஒரு கோடு.

அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து உள்பக்கமாக ஒரே கோடு சுற்றி வர வேண்டும். இங்கேதான் கவனம். இரண்டு நிலாக்களுக்கு நடுவே கோடு பள்ளத்தில் இறங்கும் இடத்தில் வளைத்து ஓட்டிவிடாதீர்கள். பேனாவை நிறுத்தி, எடுத்து, அங்கிருந்து அடுத்த வளைவைத் தொடங்குங்கள். பள்ளம் கூர்மையாக இருந்தால்தான் வடிவம் எழும்பித் தெரியும். இதேபோல நடுப்பகுதி நிரம்பும்வரை கோட்டுக்குள் கோடு. கை நடுங்கிக் கோடு நெளிந்தால் அடுத்த கோட்டையும் அதே நெளிவில் கொண்டுபோங்கள், அதுவே ஒரு அழகாகிவிடும்.

படி 3: இனி கட்டத்துக்கு ஒரு மாற்றம், ஒன்றே ஒன்று. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

- இரண்டாவது கட்டத்தில் இடைவெளி. விளிம்பில் கோடுகள் நெருக்கமாக, உள்ளே போகப்போக அகலமாக. நடுப்பகுதி புடைத்ததுபோலத் தோன்றும்.
- மூன்றாவதில் கறுப்பு. நிலாக்களை வெள்ளையாக விட்டு, கோடுகளுக்கு இடையிலுள்ள பட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்றை நிரப்புங்கள். வடிவமே ஆள்மாறாட்டம் செய்துவிடும்!
- நான்காவதில் உருவம். அரைநிலாவுக்குப் பதில் கூம்பு. சுற்றும் கோடுகளும் கூர்முனையைப் பிடித்தே வரவேண்டும்.
- ஐந்தாவதில் இடம். விளிம்பை விட்டுவிட்டு, கட்டத்தின் நடுவே பாம்புபோல் ஒரு கோடு போட்டு அதன் இருபுறமும் நிலாக்களை மாறிமாறி ஒட்டுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆறாவது உங்களுக்கு. பிடித்த இரண்டைக் கலந்து பாருங்கள்.

படி 4: மை நன்றாகக் காய்ந்த பிறகு பள்ளங்களில் பென்சிலால் லேசாக நிழல் போட்டு, விரலாலோ காது குடையும் பஞ்சுக் குச்சியாலோ தேய்த்துவிடுங்கள். அவசரப்பட்டால் கறுப்பு இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

ஒவ்வொரு கட்டத்தின் கீழும் எதை மாற்றினீர்கள் என்று இரண்டு வார்த்தை எழுதி வையுங்கள். அடுத்து, இதில் தேறிய ஒன்றை மட்டும் மூன்றரை அங்குலச் சதுரத் தாளில் முழுசாகப் போடலாம். ஜென்டாங்கிளில் வழக்கமாகப் பயன்படுத்தும் அளவு அது.