வேர்க்குரு வந்தால் பவுடர் டப்பாவை எடுக்காதீர்கள்

சித்திரை பிறந்ததும் கழுத்திலும் முதுகிலும் சிவப்பாகப் பொரிந்து வரும், பஸ்ஸில் ஏறி வியர்க்கத் தொடங்கியதும் ஊசி குத்துவதுபோல் சுருக் சுருக்கென்று இருக்கும். வீட்டில் "உடம்புல சூடு ஏறிடுச்சு, மாம்பழத்தைக் குறை" என்பார்கள். உடம்புச் சூடு குருவாக வெளியே வருகிறது என்று நம்பிப் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆதங்கம். வெளியே வரவேண்டிய வியர்வை வழி அடைபட்டு உள்ளேயே தேங்குவதுதான் வேர்க்குரு. எங்கே அடைக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்யவேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

தோலில் மேலே இருப்பது மேல்தோல். அதில் ரத்தக் குழாயே கிடையாது. அதன் அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலே தள்ளப்பட்டு, செத்து, தட்டையாகி, கடைசியில் உதிர்கின்றன, இந்தப் பயணம் ஏறக்குறைய 4 வாரம். அதற்குக் கீழே அடித்தோல்: ரத்தக் குழாய், நரம்பு, மயிர்க்கால், சுரப்பிகள் எல்லாம் அங்கேதான். அதற்கும் கீழே கொழுப்பு. வியர்வைச் சுரப்பி ஒரு சுருட்டி வைத்த குழாய் மாதிரி ஆழத்தில் கிடக்கும், அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் மேல்தோலைத் துளைத்துக்கொண்டு வந்து வாய் திறக்கும். உடம்பு முழுக்க இப்படி 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை இருக்கின்றன.

வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்ந்து ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. சென்னை, நாகப்பட்டினம் பக்கமெல்லாம் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை காயாது. நாள் முழுக்க நனைந்தே இருக்கும் மேல்தோல், தண்ணீரில் ஊறிய விரல் நுனி போல உப்பி, குழாயின் வாயை மூடிவிடுகிறது. செத்த செல்களும் தோலில் வாழும் பாக்டீரியாவும் சேர்ந்து அதை இன்னும் அடைக்கின்றன. அடைப்பு மிக மேலே இருந்தால் பனித்துளி மாதிரி சின்னச் சின்ன நீர்க்குமிழி வரும், அது தானாகவே போய்விடும். கொஞ்சம் கீழே அடைத்தால் வியர்வை பக்கத்துத் திசுவுக்குள் கசிந்து சிவந்து அரிக்கும், நாம் வேர்க்குரு என்று சொல்வது இதைத்தான்.

சரி, என்ன செய்வது? முதலில் வியர்ப்பதை நிறுத்துங்கள். மின்விசிறிக்கு நேராகச் சட்டையில்லாமல் உட்காருவது எந்தக் களிம்பையும்விட நல்லது. நாளைக்கு இரண்டு தடவை பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், நார் போட்டுத் தேய்க்க வேண்டாம், சோப்பும் வியர்வை நாறும் இடங்களுக்கு மட்டும் போதும். ஒற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு தளர்வான பருத்தித் துணி போடுங்கள். அரிப்பு தாங்கவில்லை என்றால் கேலமைன் லோஷன் தடவலாம். நுங்குத் தண்ணீர் தடவினால் அந்த நேரத்துக்குக் குளுகுளுவென்று இருக்கும், தடவுங்கள், ஆனால் காய்ந்ததும் கழுவிவிடுங்கள். தேங்காய் எண்ணெய், வாஸ்லின் இரண்டும் இப்போது வேண்டாம். பவுடரும் அப்படித்தான், வியர்வையோடு குழைந்து மாவுபோல் அப்பிக்கொள்ளும். அடைத்த செல்கள் உதிர வேண்டுமே, அதனால் முழுக்கச் சரியாக ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகலாம்.

கைக்குழந்தைக்கு இன்னும் கவனம் வேண்டும். அதன் வியர்வைக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது, அதனால்தான் சீக்கிரம் அடைக்கிறது. வெயில் காலத்தில் துணியைச் சுற்றிச் சுற்றி வைக்காதீர்கள். டால்கம் பவுடரை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கே ஆபத்து.

அப்புறம், எல்லாக் குருவும் வேர்க்குரு இல்லை. சூட்டுக்கொப்புளம் என்பது மயிர்க்காலில் கிருமி புகுந்து சீழ் கோத்தது, அதைப் பிதுக்கக் கூடாது. தொடை இடுக்கில் வட்டமாக, ஓரம் மட்டும் தடித்து, நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனால் அது படர்தாமரை, பூஞ்சை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தயவுசெய்து போடாதீர்கள்: இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும், தோலும் மெலிந்துபோகும்.

குருவில் சீழ் வைத்தாலோ, சுற்றிலும் வீங்கிச் சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். உடம்பின் பெரும்பகுதியில் வேர்க்குரு உள்ளவர் வெயிலில் வேலை செய்யவே வேண்டாம். அடைபட்ட இடத்தில் வியர்வை வராது, சூடு இறங்க வழி இருக்காது. தலைசுற்றல், குமட்டல் என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். நினைவு தடுமாறினால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.