சொரசொரப்பான சாணைக்கல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தியின் வாய்ச்சரிவை, அதாவது வெட்டும் விளிம்பை நோக்கி இறங்கும் சாய்தளத்தை, மாற்றுவது முதல் கல்லான முரட்டுக் கல்லின் வேலை. அதை 1000 கிரிட் கல்லில் முடிக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு (கிரிட் என்பது கல்லின் நுண்மையைக் குறிக்கும் எண், எண் குறையக் குறையக் கல் முரடு). எவ்வளவு தேய்த்தாலும் சரிவு எளிதில் நகராது. கை சோர்ந்ததும் கத்தி தானாக நிமிரும். வாயின் விளிம்பு மட்டும் தேய்ந்து, பழைய தடித்த வாயே மிஞ்சும். வாயில் சில்லு பெயர்ந்து பல் விழுந்திருந்தாலோ, ஒரு பக்கக் கோணத்தை 25 டிகிரியிலிருந்து 15-க்கு இறக்குவதானாலோ 120 முதல் 220 கிரிட் கல் வேண்டும். வெறும் மழுங்கலுக்கு அந்தக் கல்லை எடுக்காதீர்கள், கத்திதான் வீணாகத் தேயும்.

சரிவு முழுவதையும் மார்க்கரால் கறுப்பாக்கிவிட்டுத் தேயுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. இரு சரிவுகளும் சந்திக்க மயிரிழை பாக்கி இருக்கும்போதே முரட்டுக் கல்லை நிறுத்துவது நல்லது. பெரிய பிசிறு (விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய உலோக ஓரம்) எழும்வரை அதிலேயே தேய்த்தால் ஆழமான கீறல்கள் வாய்வரை ஏறிவிடும். மிச்சத்தை 400 அல்லது 500 கிரிட் கல் பார்த்துக்கொள்ளும். அதைத் தாண்டி நேரே 1000-க்குப் போனால் அந்தக் கீறல்கள் எளிதில் போகாது.

பராமரிப்பில் அதிகம் கெடுவது கல்லின் சமதளம். முரட்டுக் கல் வேகமாக அரையும், நடுவில் குழியும். குழிந்த கல்லில் கையை எவ்வளவு நிதானமாக வைத்தாலும் கோணம் நிலைக்காது, சரிவு உருண்டுவிடும். கல் முழுவதையும் பயன்படுத்துங்கள். பென்சிலால் கட்டம் போட்டு அடிக்கடி சோதியுங்கள். சமன்செய்ய, தடித்த கண்ணாடித் தகட்டில் அரைத் தேக்கரண்டி சிலிக்கான் கார்பைடு தூளும் (60 முதல் 120 கிரிட்) சிறிது தண்ணீரும் போட்டு, எட்டு வடிவில் தேய்த்தால் போதும். கோடுகள் எல்லாம் மறைந்தால் கல் சமம். இதற்கு வைரத் தகட்டை எடுக்கவே எடுக்காதீர்கள்: உதிரும் முரட்டுத் துகள்கள் வைரத்தைப் பிடித்திருக்கும் நிக்கல் பூச்சை அரித்துவிடும்.

கல் கத்தியைத் தேய்க்காமலே வழுக்கினால் அது பளபளப்பேறியிருக்கிறது. பிணைப்பு இறுகிய கற்களில் முனை மழுங்கிய துகள்கள் உதிராமல் அப்படியே நின்றுவிடும். அழுத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. அதே தூளில் ஓரிரு நிமிடம் தேய்த்தால் புது முனைகள் வெளிவரும். வைரத் தகட்டிலோ அழுத்தமே கூடாது, துகள்கள் பிடுங்கிக்கொண்டு போகும்.

ஊறவைப்பது கல்லுக்குக் கல் வேறுபடும். நுண்துளை உள்ள சுட்ட கல்லைக் குமிழி நிற்கும்வரை ஊறவைக்கலாம். மக்னீசியா சிமெண்டால் துகள்களைப் பிணைத்த கல்லுக்குத் தண்ணீர் தெளித்தால் போதும். நீரில் கிடந்தால் இளகும், பிறகு விரிசல் விடும். ஒருமுறை எண்ணெய் ஏறிய கல்லில் தண்ணீர் சரியாகப் பிடிக்காது, அதனால் முதலிலேயே ஒன்றை முடிவுசெய்யுங்கள். தண்ணீர்க் கல்லைக் கழுவி, செங்குத்தாக நிறுத்தி, நிழலிலேயே உலர்த்துங்கள்.