கழுத்து நாடியில் அடைப்பா? என்ன செய்ய வேண்டும்

ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கினது போல இருட்டி, கொஞ்ச நேரத்தில் பார்வை திரும்பிவிட்டதா? இல்லாவிட்டால் வாய் கோணி, பேச்சுக் குளறி, ஒரு கை விறைத்து, பத்து நிமிடத்தில் பழையபடி ஆகிவிட்டதா? அது கழுத்து நாடி அடைப்பின் எச்சரிக்கையாக இருக்கலாம். "களைப்பாக்கும்" என்று ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் படுக்க வேண்டாம். நல்ல டொக்டரைச் சனல் பண்ணி அடுத்த கிழமை வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும், ஏனென்றால் பாரிசவாதம் முழுதாக வரும் ஆபத்து அடுத்த சில நாட்களில்தான் மிக அதிகம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். மூளையில் இரத்தக் கசிவும் இப்படியே காட்டும் என்பதால் ஸ்கேன் எடுக்கும்வரை வீட்டில் அஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

தாடைக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும் பெரிய நாடி இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் கொழுப்புப் படிகிறது. வலி கிடையாது. அந்தப் படிவிலிருந்து ஒரு துணுக்கோ அதன்மேல் உறைந்த கட்டியோ கழன்று மூளைக்குப் போவதுதான் பெரிய பயம். இடது நாடி என்றால் இடது கண் மங்கும், ஆனால் விறைப்பது வலது கை. இதை அப்படியே டொக்டரிடம் சொல்லுங்கள்.

கழுத்தில் ஜெல் பூசி எடுக்கும் டொப்ளர் ஸ்கேன் போதும், அடைப்பு எத்தனை வீதம் என்று தெரிந்துவிடும். அறிகுறி வந்தவருக்கு 70 வீதத்துக்கு மேல் என்றால் ஒபரேஷனால் நல்ல பலன் உண்டு, அதையும் இரண்டு கிழமைக்குள் செய்வது நல்லது. 50 முதல் 69 வரை ஆளைப் பொறுத்தது. அதற்குக் கீழே குளிசைதான். முழுதாக அடைபட்ட நாடியைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள். அறிகுறியே இல்லாமல், செக்அப் பக்கேஜில் தற்செயலாகத் தெரிந்தது என்றால் அவசரப்படாதீர்கள், குளிசையோடு நன்றாக இருப்பவர்கள் ஏராளம்.

ஒபரேஷனில் நாடியைத் திறந்து படிவைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தைப்பார்கள். அந்த நேரத்திலேயே பாரிசவாதமோ மாரடைப்போ வரலாம், நரம்பு பட்டுக் குரல் கம்மலாம் (அது பெரும்பாலும் திரும்பிவிடும்). தொடை வழியாக ஸ்டென்ட் (நாடியை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைக்கும் முறையும் உண்டு, கழுத்தில் முன்பு கதிர்ச் சிகிச்சை செய்தவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் 70 வயது தாண்டியவர்களுக்கு ஸ்டென்ட்டில் பாரிசவாத ஆபத்து கூட. சேர்ஜனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "நீங்கள் செய்ததில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது?" அறிகுறி உள்ளவர்களில் பாரிசவாதமும் மரணமும் சேர்த்து 6 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான அளவு.

எது செய்தாலும் குளிசை நிற்காது: இரத்தம் கட்டியாகாமல் இருக்க அஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல், கொலஸ்ட்ரோலுக்கு ஸ்டட்டின், பிரஷருக்கு ஒன்று. கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட் நோர்மல் என்று ஸ்டட்டினை நிறுத்துவதுதான் நம் ஆட்களின் வழக்கம். ஸ்டட்டின் கொலஸ்ட்ரோல் அளவை மட்டும் குறைப்பதில்லை, படிவு வெடிக்காமலும் காக்கிறது. சிகரெட்டை விட்டே ஆகவேண்டும். சீனியையும் கட்டுக்குள் வையுங்கள்.

அப்புறம், சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்க வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்தத் திருப்பலில் கழுத்து நாடி கிழியக்கூடும்.