மூன்று பாயிண்ட் அப்புறம், முதலில் இரண்டு எட்டு

செம்பனை லோரியை நிறுத்திவிட்டு ஐந்து மணிக்கு மேல் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) கூடைப்பந்து கோர்ட்டுக்குப் போவேன். அக்கா மகள் எனக்கு முன்பே வந்து, மூன்று பாயிண்ட்டுக்கான 6.75 மீட்டர் கோட்டில் நிற்பாள். வயது பதினொன்று. "மாமா, மூன்று பாயிண்ட் போடட்டுமா?" போடலாம், அடுத்த வருஷம். இப்போது வளையத்துக்கு இரண்டு எட்டு முன்னால் வந்து நில்லு.

முதலில் பந்து. பன்னிரண்டு வயதுக்குள் 5ஆம் எண் பந்து போதும். அந்த வயதில் நான் ஆண்கள் ஆடும் பெரிய 7ஆம் எண் பந்தை நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தள்ளித் தள்ளிப் பழகினேன். இன்றுவரை அந்தக் கோணல் போகவில்லை.

கிட்டே நின்று வலது கையால் மட்டும் போடச் சொல்லுங்கள். பந்து விரல்களில் உட்கார வேண்டும், உள்ளங்கை நடுவில் கொஞ்சம் இடைவெளி. முழங்கை பந்துக்கு நேர் கீழே. முட்டி மடங்கி எழும்போதே பந்தும் எழட்டும். பலம் காலில்தான் இருக்கிறது. விட்ட பிறகு மணிக்கட்டு வாழைப்பூ மாதிரி தொங்கி நிற்க வேண்டும். பந்து வளையத்தைத் தொடும்வரை கையை இறக்கக் கூடாது.

அப்புறம் இடது கை. தொல்லையே அங்கேதான். அது பந்தை அணைத்துப் பிடிக்க மட்டும். கடைசி நொடியில் கட்டைவிரல் ஒரு தள்ளு தள்ளும், பந்து பக்கவாட்டில் சுழன்று ஓடும். பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. நான் ஒரு ரிங்கிட் நோட்டை மடித்து இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் செருகுவேன். நோட்டு விழுந்தால் கட்டைவிரல் வேலை செய்திருக்கிறது. பத்து தடவை விழாமல் போட்டால் நோட்டு அவளுக்கு. (நிறைய ரிங்கிட் போய்விட்டது.)

தட்டையாக எறிகிறாளா? அம்மா ரப்பர் பால் வெட்டிய காலத்து மங்கு, பால் பிடிக்கும் கிண்ணம், ஒன்று வீட்டில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் வாய் வட்டம். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் ஒரு கோடு. வளையமும் அப்படித்தான். அதன் அகலம் 45 சென்டிமீட்டர். பந்து 45 டிகிரியில் இறங்கினால் அதற்குக் கிடைக்கும் வாய் சுமார் 32 சென்டிமீட்டர். வெறும் 30 டிகிரியில் 22.5தான்; 7ஆம் எண் பந்தோ 24. இதைக் காட்டிய அன்றிலிருந்து அவள் பந்து மேலே போகிறது.

ஐந்து பந்து வளையத்தில் விழுந்தால் ஒரு எட்டு பின்னே போகலாம். முழங்கை வெளியே விரிந்தால் திரும்ப முன்னே. எத்தனை விழுந்தது என்பதைவிட முழங்கையைப் பாருங்கள்.

மழை வந்தால் ஐந்தடியில் (கூரை போட்ட நடைபாதையில்) மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துப் போடட்டும். நேராகப் போனால் பந்து அதே கைக்கு வரும். கண்ணாடி போட்ட பிள்ளை என்றால் முதலில் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.