பனிக்கு ஓர் ஆட்டம், வெயிலுக்கு ஓர் ஆட்டம்

புதிய நாட்டில் முதல் சில மாதங்கள் வங்கிக் கணக்கு, பள்ளிக்கூட அனுமதி, வேலை தேடல் என்றே ஓடிவிடும். விளையாட்டு யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் ஊர்க்காரர் எந்த மாதத்தில் எதை விளையாடுகிறார்கள் என்று பார்த்தாலே, அந்தக் காலநிலையோடு வாழும் வழி பாதி விளங்கிவிடும். குளிர் போகட்டும், அதுக்குப் பிறகு வெளியே இறங்குவோம் என்று கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் குடும்பங்கள்தான் அதிகம் வாடுகின்றன. முதல் ஆண்டிலேயே அந்தந்தப் பருவத்தின் ஆட்டத்துக்குள் இறங்கிவிடுங்கள்.

கனடாவின் ரொறன்ரோவில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை சுமார் மைனஸ் 4 பாகை. காலநிலை அறிவிப்பில் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படாதீர்கள். காற்றோடு சேர்த்து உடல் உணரும் குளிர் என்று இன்னோர் எண் இருக்கும். பிள்ளைக்கு என்ன உடுத்துவது என்பதை அதுதான் தீர்மானிக்க வேண்டும். அது மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோலில் 10 முதல் 30 நிமிடத்துக்குள் பனிக்கடி, அதாவது தோல் உறைந்து கெடுதல், வரக்கூடும். குளிரைவிட மனதை அழுத்துவது இருட்டு. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

அந்த இருட்டில்தான் ஊர் முழுக்க விளக்குப் போட்டுப் பனித்தளங்கள் திறந்திருக்கும். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை மாநகரசபையின் வெளிப்புறத் தளங்களில் இலவசமாகச் சறுக்கலாம். நகர மண்டபத்துக்கு முன்னால் உள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத் தளத்தில் சறுக்குச் சப்பாத்து வாடகைக்கும் கிடைக்கும். சொந்தமாக வாங்குவதென்றால் பழைய விளையாட்டுப் பொருள் கடைகளுக்குப் போங்கள்; பிள்ளையின் கால் ஆண்டுக்கு ஆண்டு வளரும், புதிது தேவையே இல்லை. குளிருமே என்று தடித்த காலுறையைப் போட்டுவிட வேண்டாம். மெல்லிய காலுறையோடு குதிக்கால் அசையாமல் இறுகியிருந்தால்தான் கணுக்கால் மடங்காது. சப்பாத்தின் அடியில் உள்ள கத்தியைத் தீட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். தலைக்கவசம் பெரியவர்களுக்கும் வேண்டும்.

1994இல் நிறைவேறிய சட்டப்படி ஐஸ் ஹொக்கி கனடாவின் தேசியக் குளிர்கால விளையாட்டு. வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து பிடித்துப் பூர்வகுடிகள் காலங்காலமாக ஆடிவந்த லக்ரோஸ் தேசியக் கோடைகால விளையாட்டு. ரொறன்ரோவின் ஹொக்கி அணியான மேப்பிள் லீவ்ஸ் கடைசியாக ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது 1967இல். அதன் பிறகும் ஊர் அந்த அணியை விட்டுக்கொடுக்கவில்லை. "நேற்று ஆட்டம் பார்த்தீர்களா?" என்று வேலையிடத்தில் கேட்டால் போதும், வாய் திறக்காத மனிதரும் உங்களோடு பேசுவார். ஆனால் பிள்ளையை ஹொக்கிக் கழகத்தில் சேர்ப்பதற்கு முன் செலவை நன்றாகக் கணக்குப் பாருங்கள். கவசம், பதிவு, தளக் கட்டணம் எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும். விடியற்காலைப் பயிற்சிகளும் உண்டு.

என்னைக் கேட்டால், கையில் காசு குறைவாக இருக்கும் முதல் ஆண்டுகளுக்குக் கூடைப்பந்துதான் சரி. அதுவும் குளிரால் பிறந்த ஆட்டமே. ஒன்ராறியோவின் அல்மொன்ற் ஊரில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆசிரியராக இருந்தபோது, குளிர்காலத்தில் உள்ளே அடைபட்ட மாணவர்களுக்காக 1891 டிசம்பரில் உருவாக்கியது. ஒரு பந்தும் ஒரு சப்பாத்தும் போதும். 2019இல் ரொறன்ரோவின் ராப்ரர்ஸ் கூடைப்பந்து அணி கிண்ணம் வென்றதிலிருந்து நகரின் கிழக்கே உள்ள ஸ்காபரோப் பிள்ளைகளுக்கு இதில் தனி ஈடுபாடு. சமூக நிலைய வகுப்புகள் பதிவு தொடங்கிய காலையிலேயே நிரம்பிவிடும், எனவே நாளைக் குறித்து வையுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ரொறன்ரோ மாநகரசபையின் 'வெல்கம் பொலிசி' கட்டண உதவி தருகிறது. அதைக் கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

கிரிக்கெட்டுக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் காலம். நாம் விட்டு வந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்களும் அப்போதுதான் போட்டிகளை வைக்கும். போய் நில்லுங்கள், ஆடாவிட்டாலும் ஆட்கள் கிடைப்பார்கள்.

நோர்வே வேறு மாதிரி. முன்பு வடக்கில் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போன நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: துரொம்ஸோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழவே எழாது. கோடையில் இரண்டு மாதம் மறையவே மறையாது. 'கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு' என்று நோர்வேஜியர் சொல்வார்கள். மழலையர் பள்ளியே பனியிலும் பிள்ளைகளை வெளியே விடும். பருத்தி உள்ளுடுப்பு வேர்வையில் நனைந்தால் குளிரைக் கூட்டும், கம்பளி உள்ளுடுப்பே வாங்குங்கள். இருட்டில் நடக்க ஒளி தெறிக்கும் பட்டியும் வேண்டும். ஒஸ்லோவில் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் சுமந்தபடியே நகர ரயிலில் ஏறி ஃபிரொக்னர்சேத்தரன் வரை போவார்கள். மாலையில் விளக்கெரியும் பாதைகளும் இருக்கின்றன. கட்டைகளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, 'பூஆ' நிலையங்களில் இலவசமாகக் கடன் தருகிறார்கள். இன்னொன்று: அங்கே 11 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் போட்டிகளுக்கு முடிவுப் பட்டியல் வைப்பதில்லை. "என்ர பிள்ளை எத்தனையாம் இடம்?" என்று பயிற்சியாளரைக் கேட்காதீர்கள். அவர்கள் உங்களிடம் எதிர்பார்ப்பது 'டுக்னாட்', அதாவது கழகத்துக்காகப் பெற்றோர் கூலியின்றிச் செய்யும் வேலை. வாஃபல் சுட்டு விற்பதாக இருந்தாலும் போங்கள். பக்கத்து வீட்டாரோடு பழக்கம் அங்கேதான் தொடங்கும்.

லண்டனில் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீற்றர், சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. ஆனால் தூறலாக ஆண்டு முழுதும் பரவி வரும். உதைபந்தாட்டம் ஓகஸ்டிலிருந்து மே வரை அந்த ஈரத்திலேயே நடக்கும், கிரிக்கெட் ஏப்ரலில் தொடங்கும்.

அவுஸ்திரேலியாவில் பருவங்களே தலைகீழ். டிசம்பர்க் கோடையில் கிரிக்கெட். மெல்பேர்ணில் குளிர் வந்ததும் ஊர் 'ஃபுட்டி'க்கு, அதாவது அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டத்துக்கு, மாறும். கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்திலும் உடல் தளராமல் இருக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்று கிரிக்கெட் வீரரான ரொம் வில்ஸ் 1858இல் எழுதினார், அடுத்த ஆண்டே விதிகள் வந்தன. சிட்னிக்குப் போனால் இதே இடத்தை ரக்பி லீக் பிடித்திருக்கும்.

அங்கே பயப்பட வேண்டியது குளிருக்கல்ல, வெயிலுக்கு. வெயிலின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 3ஐத் தொட்டால் தொப்பியும் வெயில் பூச்சும் அவசியம், மேகம் மூடியிருந்தாலும்கூட. நமது தோல் கறுப்பு, ஒன்றும் செய்யாது என்ற பேச்சை விடுங்கள். கண்ணும் தோலும் நமக்கும் கெடும். பல பள்ளிகளில் தொப்பி இல்லாத பிள்ளையை வெளியில் விளையாட விடமாட்டார்கள். நீச்சல் வகுப்பை மற்ற எல்லா விளையாட்டுக்கும் முன்னால் வையுங்கள், பெரியவர்களும் சேருங்கள். கடலில் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்க வேண்டும். நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாமல் மிதந்தபடி கையை உயர்த்துங்கள், காவலர் வருவார்.