திவால் திட்டத்தின் நடுவே வீட்டுக் கடன் தவணை: என் அனுபவம்

அமெரிக்காவில் திவால் சட்டத்தின் அத்தியாயம் 13-இன் கீழ் (வருமானத்திலிருந்து கடன்களைத் தவணை முறையில் அடைக்க வழி செய்யும் பகுதி) நான் திவால் மனு கொடுத்தபோது, வீட்டுக் கடனின் பழைய பாக்கியை 60 மாதத் திட்டத்தில் டிரஸ்டி (திட்டப் பணத்தை வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர்) வழியாகத் தீர்ப்பது, மனுவுக்குப் பிந்தைய மாதத் தவணைகளைக் கடன் நிறுவனத்துக்கு நானே நேரடியாகக் கட்டுவது என்று ஏற்பாடாயிற்று. (சில நீதிமன்றங்களில் இரண்டுமே டிரஸ்டி வழியாகத்தான் செல்லும்.) ஒரு மாதமும் தவறாமல் கட்டியும், எட்டாவது மாதத்தில் இரண்டு தவணைகள் நிலுவை என்று கடிதம் வந்தது. வீடு கைநழுவிவிடுமோ என்று அன்றிரவு உறக்கமே வரவில்லை.

வங்கி விவரத்தையும் நிறுவனத்தின் வரவுக் கணக்கையும் வரிக்கு வரி ஒப்பிட்டபோதுதான், என் புதிய தவணைகளில் இரண்டை மனுவுக்கு முந்தைய பாக்கியில் அவர்கள் வரவு வைத்திருந்தது தெரிந்தது. தவணைத் தொகை மாறினால் கடன் நிறுவனம் 21 நாட்களுக்கு முன்பே நீதிமன்றத்தில் அறிவிப்புத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது திவால் நடைமுறை விதி 3002.1; அப்படி எதுவும் தாக்கலாகவில்லை, ஆகவே தொகை மாறியதால் வந்த நிலுவை அல்ல இது என்பதையும் என் வழக்கறிஞர் உறுதி செய்துகொண்டார். தேதிவாரியான அட்டவணையோடு அவர் கடிதம் அனுப்பிய ஐந்தாவது வாரத்தில் கணக்கு திருத்தப்பட்டு, தாமதக் கட்டணமும் நீக்கப்பட்டது. இப்போது ஒவ்வொரு காசோலையிலும் எந்த மாதத்துத் தவணை என்று எழுதி, நகல் எடுத்த பிறகே அனுப்புகிறேன்.